முதல் மோட்டார் சைக்கிள்: கைக்கு அடங்கினால்தான் கழனிக்கு உதவும்

கீழ்பென்னாத்தூர் சுற்று வட்டாரத்தில் மணிலா, நெல், கரும்பு என எந்த வெள்ளாமைப் பணம் கைக்கு வந்தாலும், வீட்டில் முதலில் எழும் பேச்சு மோட்டார் சைக்கிளைப் பற்றியதாகவே இருக்கிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவே அமைந்த ஊர் இது. உரக்கடை, பால் சங்கம், விற்பனைக் கூடம், கால்நடை மருந்தகம், ஆஸ்பத்திரி என்று அலைவதற்கு வண்டி இல்லாமல் முடிவதில்லை. பேருந்துக்குக் காத்து நிற்கும் அரை நாளில் கழனியில் ஒரு வேலை முடிந்துவிடும். ஆகவே வண்டி வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி அல்ல. முதன்முதலாக வாங்குவது எந்த வண்டியாக இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

உழவு மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், ஏரில் பூட்டிப் பார்த்த பிறகே பணத்தை எண்ணுகிறார். விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டு மூன்று சந்தைகளுக்கு அலைகிறார். அதே விவசாயி, மாட்டுக்கு நிகரான விலையுள்ள மோட்டார் சைக்கிளை ஒரு மணி நேரத்தில் முடிவு செய்து, மாலை போட்டு ஓட்டி வந்துவிடுகிறார். பெரும்பாலும் அந்த முடிவை எடுப்பது வீட்டுப் பையனின் ஆசையும், தவணைத் தொகையைச் சிறிதாகக் காட்டும் விற்பனையாளரின் பேச்சும்தான்.

புதிதாக ஏர் பிடிக்கும் பையனிடம் மிரளும் காளையை யாரும் கொடுப்பதில்லை. பழகிய, சாதுவான மாட்டைப் பூட்டித்தான் சால் ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் இதே முறைதான் பொருந்தும். இதுவரை வண்டி ஓட்டிப் பழகாத சிறு விவசாயிக்கும் அவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏற்ற முதல் வண்டி, 100 முதல் 110 சி.சி. வரையுள்ள எடை குறைந்த மோட்டார் சைக்கிள் அல்லது பளு ஏற்றும் மொபெட். அதற்கு மேல் வாங்குவது பணத்துக்கும் நஷ்டம், சில சமயம் உயிருக்கும் நஷ்டம்.

சிறிய வண்டிதான் சிறு விவசாயியைத் தூக்கிவிட்டது

ஒரு காலத்தில் கிராமத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், ராஜ்தூத், எஸ்டி என்று நாலைந்து பெயர்கள்தான். புல்லட் வண்டி 1955 முதல் சென்னையில் உருவானது என்றாலும், மிராசுதாரும் காண்டிராக்டரும்தான் அதில் வந்தார்கள். இரண்டு ஏக்கர்காரருக்குச் சைக்கிளே வாகனம். இந்த நிலையை மாற்றியது பெரிய வண்டி அல்ல. 1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 போன்ற, பெட்ரோலைச் சிக்கனமாகக் குடிக்கும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுமே மாற்றின. பால் கேனும் புல்லுக்கட்டும் உர மூட்டையும் சைக்கிளை விட்டு இறங்கி இயந்திரத்தில் ஏறியது இவற்றால்தான். இன்றும் கழனி வழிகளில் அதிகம் கண்ணில் படுவது இவற்றின் வாரிசுகளே.

"எப்படியும் பின்னால் பெரிய வண்டி வாங்கத்தான் போகிறோம்; ஒரே செலவாக இப்போதே வாங்கிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் புதிதாகக் கற்கிறவர் கையில் முதல் வண்டி கீழே விழாமல் இருப்பது அபூர்வம். கண்ணாடி உடையும், கிளட்ச் தேயும், கைப்பிடி வளையும். அந்த விழுதல்கள் எல்லாம் எடை குறைந்த, உதிரி பாகம் மலிவான, கீழ்பென்னாத்தூரிலேயே மெக்கானிக் சரிசெய்து தரக்கூடிய வண்டியில் நடந்து முடிவதுதான் மேல்.

"சிறிய வண்டி நெடுஞ்சாலையில் ஆடுகிறது, லாரி கடந்தால் காற்று இழுக்கிறது" என்பது இன்னொரு வாதம். இது உண்மைதான். பளு மொபெட் ஊருக்குள்ளும் பக்கத்து ஊர்களுக்கும் ஏற்ற வண்டி. தினமும் திருவண்ணாமலைக்கோ செஞ்சிக்கோ நெடுஞ்சாலையில் சென்று வருபவர் 100 சி.சி. கியர் வண்டியை எடுப்பதே சரி. ஆனால் லாரியை முந்த வேண்டும் என்பதற்காகப் பெரிய எஞ்சின் வேண்டும் என்றால், அந்த முந்துதலே புதியவருக்கு வேண்டாத வேலை.

எடையும் நிற்கும் தூரமும்

பளு மொபெட்டின் எடை 90 கிலோவுக்குள் அடங்குகிறது. 100 சி.சி. மோட்டார் சைக்கிள் 100 முதல் 115 கிலோ. 150, 160 சி.சி. வண்டிகள் 140 கிலோவுக்கு மேல் போகும். 350 சி.சி. புல்லட் வகை 195 கிலோ அளவில் இருக்கிறது. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. வரப்பு ஓரத்தில் நிறுத்தும்போதும், சேற்றில் திருப்பும்போதும், மணல் மேட்டில் சாயும்போதும்தான் தெரியும். சாயும் வண்டியைக் காலால் தாங்க முடியாதவர், வண்டியோடு சேர்ந்து கீழே போவார். காலின் மேல் சூடான சைலன்சர் விழுந்தால், நடவு நேரத்தில் ஒரு மாதம் படுக்கைதான்.

வேகத்தின் கணக்கை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், எதிரில் ஆடு குறுக்கே வந்ததைக் கண்டு, பிரேக் பிடித்து, முழுதாக நிற்பதற்குள் சுமார் 23 மீட்டர் கடந்துவிடுகிறார். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 44 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. நிற்கும் தூரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது நல்ல, காய்ந்த தார்ச் சாலைக்கான கணக்கு. சாலையில் கேழ்வரகோ கொள்ளோ வைக்கோலோ பரப்பியிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது; சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். சாலையைக் களமாக்கும் பழக்கத்தை விவசாயிகள் விட்டுவிட வேண்டும் என்று இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அதில் சறுக்கி விழுவது பெரும்பாலும் பக்கத்து ஊர் விவசாயியின் பிள்ளையே.

2022-ல் இந்தியா முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு கூறுகிறது. இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 பேர் மாண்டனர். ஐந்து ஏக்கருக்கும் குறைவாக உள்ள வீட்டில் உழைக்கும் கை ஒன்று போனால், மருத்துவச் செலவுக்கும் கடனுக்கும் நிலமே கைமாறிவிடுகிறது.

மூட்டைக் கணக்கு

விவசாயியின் வண்டி ஆளை மட்டும் சுமப்பதில்லை. எனவே வண்டி எவ்வளவு பளு தாங்கும் என்பதை வாங்கும் முன்பே கேட்டறிய வேண்டும். வண்டியுடன் தரும் கையேட்டில் இது குறிக்கப்பட்டிருக்கும். இந்த வகை வண்டிகள் பலவற்றில் இது 130 முதல் 150 கிலோ வரைதான். ஓட்டுபவரின் எடையும் இதில் அடக்கம் என்பதைப் பலர் அறிவதில்லை.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை ஏற்றினால் மொத்தம் 105 கிலோ. 130 கிலோ தாங்கும் வண்டிக்கு இது சரி. இரண்டு மூட்டை என்றால் 150 கிலோ, அளவை மீறிவிட்டது. 75 கிலோ நெல் மூட்டை ஒன்றே போதும், 135 கிலோ ஆகிவிடும். 40 லிட்டர் பால் கேன் இரண்டைத் தொங்கவிட்டால் பாலின் எடை மட்டுமே 82 கிலோ. கேனின் எடை வேறு. மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டால் மூட்டைக்கு இடமே இல்லை என்று பொருள்.

அளவை மீறினால் வண்டி உடனே நின்றுவிடாது. அதனால்தான் ஆபத்து தெரிவதில்லை. பின் சக்கரத்தின் மேல் பாரம் அழுந்தும்போது முன் சக்கரம் இலேசாகி, கைப்பிடி சொன்னபடி கேட்காது. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். ஆகவே பாரத்தை இயன்றவரை தாழ்வாகவும் நடுவிலும் வைக்க வேண்டும். மொபெட்டில் காலடித் தளத்தில் மூட்டை வைக்க முடிவது இதற்கு உதவியாக இருக்கிறது. மருந்து கலந்த கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டுவதை அறவே தவிர்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் அலம்பும்போது புதியவர் நிலை தடுமாறுவார். விழுந்தால் மருந்தும் உடம்பில் கொட்டும். தெளிப்பானைக் காலியாகக் கொண்டுபோய், கழனியில் கலப்பதே முறை.

பெட்ரோலும் தவணையும்

ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 6,000 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 100 லிட்டர் பெட்ரோல் போதும். 45 தரும் வண்டிக்கு 133 லிட்டர். 35 மட்டுமே தரும் வண்டிக்கு 171 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் ஆண்டுக்கு 7,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது. டயர், செயின், ஆயில் ஆகியவற்றின் விலையும் பெரிய வண்டிக்கு அதிகமே.

மின்சார வண்டி வாங்க எண்ணுபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். பேட்டரி பழுதானால் பார்த்துத் தர அருகில் ஆள் இருக்கிறாரா என்பது ஒன்று. பம்புசெட்டுக்குத் தரப்படும் இலவச மின்சாரத்தில் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. வீட்டு இணைப்பில்தான் ஏற்ற வேண்டும் என்பது மற்றொன்று.

தவணையில் வாங்குபவர் வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த முறையில் வட்டி என்றும் கேட்க வேண்டும். 60,000 ரூபாய்க் கடனுக்கு 12 சதவீத நிலையான வட்டி, மூன்று ஆண்டு தவணை என்றால், வட்டி 21,600 ரூபாய். மாதம் 2,267 ரூபாய் கட்ட வேண்டும். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது உண்மையில் 21 சதவீதத்துக்கு மேலான வட்டி. சொல்வது 12, வாங்குவது 21.

இதைவிட முக்கியமானது வருமானம் வரும் காலம். தவணை மாதாமாதம் வரும். மணிலாப் பணமோ அறுவடைக்கு ஒருமுறைதான் வரும். மழை தப்பினால் அதுவும் இல்லை. பால் பணம் போல மாதந்தோறும் கைக்கு வரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்க வேண்டும். அப்படி அடங்காத வண்டி அந்த வீட்டுக்கு உரிய வண்டி அல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் பயிருக்கென்று வாங்கிய கடனை வண்டிக்கு முன்பணமாகக் கட்டுவது மிகத் தவறு. உரத்துக்குப் பணம் இல்லாமல் பயிர் வாடும். கடனை உரிய காலத்தில் கட்ட முடியாமல் வட்டிச் சலுகையும் போகும். கறவை மாட்டை விற்று வண்டி வாங்குவதும் அப்படியே. தவணை கட்ட வேண்டிய வருமானத்தையே விற்றுவிட்டு எதைக் கொண்டு தவணை கட்டுவது? விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் கவனிக்க

முதல் வண்டியைப் பழையதாக வாங்குவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. கற்றுக்கொள்வதற்கு அதுவே உகந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான வண்டியாகத் தேடினால் ஒரு நன்மை உண்டு. அந்த மாதம் முதல் 125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரமும் பிடிக்கும் சி.பி.எஸ். அமைப்போ ஏ.பி.எஸ். அமைப்போ கட்டாயமாக்கப்பட்டது. பின் பிரேக்கை மட்டுமே மிதித்துப் பழகும் புதியவருக்கு இது நல்ல துணை.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். தவணைக் கடன் பாக்கி இருந்தால், நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, திருவண்ணாமலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். காப்பீட்டிலும் பெயர் மாற வேண்டும். விற்பவருக்கும் இது அவசியம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று வண்டியைக் கொடுத்தவர், யாரோ செய்த விபத்துக்கு நஷ்ட ஈடு கட்ட நேரிடும்.

உரிமம், காப்பீடு, தலைக்கவசம்

மொபெட்தானே என்று பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுக்கிற பழக்கம் கிராமங்களில் பரவியிருக்கிறது. சட்டப்படி 16 வயது முடிந்தவர் ஓட்டக்கூடியது 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டியை மட்டுமே. இன்றைய பளு மொபெட் ஏறக்குறைய 100 சி.சி. உள்ளது, அதற்கு 18 வயது நிறைய வேண்டும். 2019 செப்டம்பர் முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, வயது வராதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

உரிமம் எடுப்பது போலீசுக்காக அல்ல, குடும்பத்துக்காக. வண்டி உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால் 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சில நூறு ரூபாய்க் கட்டணத்துக்கும் ஒரு நாள் அலைச்சலுக்கும் தயங்கி, அந்தப் பதினைந்து லட்சத்தைக் குடும்பம் இழக்கிறது. இந்தக் காப்பீடு உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும் நிலைக்காக எழுதப்பட்டது. ஆகவே வண்டியை அதிகம் ஓட்டப்போகிறவர் யாரோ, அவர் பெயரிலேயே பதிவு செய்வது நல்லது. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து நிரந்தர உரிமத்துக்குத் தேர்வு கொடுக்கலாம். உரிமம் இன்றி ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய்.

தலைக்கவசத்தை வண்டி விலையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளதையே வாங்க வேண்டும். பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வேண்டும். 2022-ல் நாடு முழுவதும் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத் தடுப்பையும் கழற்றிவிடக் கூடாது.

பழகும் முறையும் முக்கியம். அறுவடை முடிந்த களத்திலோ, பள்ளிக்கூட மைதானத்திலோ ஒரு வாரம், பிறகு ஊர்ச் சாலையில் ஒரு வாரம் என்று பழக வேண்டும். நெடுஞ்சாலை அதற்குப் பிறகுதான். பௌர்ணமி கிரிவலத்தின்போதும் கார்த்திகை தீபத்தின்போதும் திருவண்ணாமலை செல்லும் வாகனங்களால் நெடுஞ்சாலை நிறைந்திருக்கும். அந்த நாட்களில் புதியவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நலம். சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் உள்ள கழனிப் பாதையில் இரவில் ஓட்டக் கூடாது. முதல் மூன்று மாதம் மூட்டையும் ஏற்ற வேண்டாம், ஆளும் ஏற்ற வேண்டாம்.

வாங்கும் முன் ஐந்து சோதனைகள்

1. ஓட்டப்போகிறவர் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் படிய வேண்டும். நுனிக்கால் மட்டும் தொட்டால் அந்த வண்டி வேண்டாம்.

2. எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கி நின்று, தனி ஆளாக வண்டியைப் பின்னோக்கித் தள்ளித் திருப்ப வேண்டும்.

3. யார் உதவியும் இன்றி நடு ஸ்டாண்டில் ஏற்றி இறக்க வேண்டும்.

4. வீட்டுப் பெண்களில் ஒருவராவது இதே சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். ஒருவர் மட்டுமே ஓட்டக்கூடிய வண்டி, அவர் காய்ச்சலில் படுத்தால் கொட்டகையில் நிற்கும்.

5. கீழ்பென்னாத்தூரிலோ வேட்டவலத்திலோ அந்த வண்டிக்கு மெக்கானிக்கும் உதிரி பாகமும் உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

பெரிய வண்டியின் மேல் ஆசை கொண்ட பிள்ளையைக் கடிந்துகொள்வதால் பயன் இல்லை. அந்த ஆசையை ஒரு நிபந்தனையோடு ஏற்றுக்கொள்வது நல்ல வழி. உரிமம் எடுத்து, சிறிய வண்டியை இரண்டு ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டி, தவணையையும் தவறாமல் கட்டி முடிக்கட்டும். பிறகு பெரிய வண்டியைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசலாம். அப்போது அவன் கையும் பழகியிருக்கும், பணத்தின் அருமையும் தெரிந்திருக்கும். பால் உற்பத்தியாளர் சங்கங்களும் ஊராட்சிகளும் முன்வந்து, பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்க ஊரிலேயே ஒரு நாள் உதவி முகாம் நடத்தினால், பல குடும்பங்களுக்கு அது பேருதவியாக இருக்கும். அடுத்த மணிலா அறுவடைக்குள் இதைச் செய்ய முடியும்.